கூலன்ட் ஹீற்றர் பூட்டப் போகிறேன்: பிளக் இல்லாத யார்டில் நிற்கும் ட்ரக்குக்கு எது சரி?

ஹைவே11_ஓட்டம் எழுதியது:

வணக்கம் அண்ணைமார். குளிர் தொடங்க முன்னம் ஒரு விஷயத்தை முடிவு செய்ய வேண்டும். இதில் கைவைத்த ஆட்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

என்னுடையது 2016 ஃப்ரைட்லைனர் கஸ்கேடியா, டிட்ராய்ட் டிடி15 எஞ்சின், ஸ்லீப்பர் கேபின், சொந்த ட்ரக். கனடாவில் பிரம்டனில் ஏற்றி, வடக்கே போகிற ஹைவே 11 பிடித்து கொக்ரன், கப்பஸ்கேசிங், ஹேர்ஸ்ட், நிப்பிகன் என்று வின்னிபெக் வரைக்கும் ஓட்டம். கோடையில் ஒரு குறையும் இல்லை. தை, மாசியில்தான் கஷ்டம். போன தை மாதம் ஹேர்ஸ்டில் எஞ்சினை அணைத்துவிட்டுப் படுத்தேன், விடிய எழும்பினால் மைனஸ் 36. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மெல்ல உறுமுகிறது, எஞ்சின் பற்றுவதாக இல்லை. ஆள் கூப்பிட்டுச் சூடாக்கி எடுக்க மத்தியானம் தாண்டிவிட்டது, சேவைக் கட்டணம் வேறு, வின்னிபெக்கில் இறக்கும் நேரமும் தவறிப் போனது. அதற்குப் பிறகு அந்தக் குளிர்காலம் முழுவதும் இரவிரவாக எஞ்சினை ஐடிலில், அதாவது நின்ற இடத்திலேயே ஓட, விட்டுத்தான் படுத்தேன். டீசல் போகிற போக்கைப் பார்க்க வயிறு எரிகிறது. அதோடு புகைக் கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் ஃபில்டர் அடிக்கடி ரீஜென் (சேர்ந்த கரியை எரித்துச் சுத்தமாக்குவது) கேட்கிறது.

பங்கில், அதாவது ஸ்லீப்பரின் படுக்கைப் பகுதியில், டீசல் ஹீற்றர் ஒன்று ஏற்கனவே இருக்கிறது. படுக்க நல்ல சூடு, அதில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் எஞ்சினுக்கு என்ன செய்வது? ஒருவர், பிளக்கில் மாட்டிக் கரன்டில் எஞ்சின் பிளாக்கைச் சூடாக்குகிற பிளாக் ஹீற்றர் போதும் என்கிறார். இன்னொருவர், டீசலில் எரிந்து கூலன்டை (எஞ்சினைச் சுற்றி ஓடுகிற திரவத்தை) சூடாக்குகிற கூலன்ட் ஹீற்றர் பூட்டு என்கிறார். வீட்டுப் பக்கம் நான் ட்ரக் விடுகிற யார்டில் பிளக் கிடையாது, வழியில் நிற்கிற இடங்களிலும் அநேகமாகக் கிடையாது. நானே பூட்டலாமா, கூலன்ட் லைனை எங்கே வெட்டுவது, பற்றரி தாங்குமா, இதெல்லாம் தெரிய வேண்டும். ஸ்பானர் பிடிக்கத் தெரியும், ஓயில் மாற்றுவது, பிரேக் சரிபார்ப்பது எல்லாம் நானே செய்கிறவன். ஆனால் கூலன்ட் பக்கம் இதுவரை கைவைத்ததில்லை.

வின்னிபெக்_கராஜ் எழுதியது:

தம்பி, உங்கள் கேள்விக்கான பதில் ட்ரக் எங்கே உறங்குகிறது என்பதில்தான் இருக்கிறது. எஞ்சின் எது, வருடம் எது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இரவில் பிளக் கிடைக்கிற இடத்தில் நிற்கிற வண்டிக்கு பிளாக் ஹீற்றரை விட மலிவான, பழுதாகாத வழி கிடையாது. பிளக் கிடைக்காத வண்டிக்கு எவ்வளவு நல்ல பிளாக் ஹீற்றர் இருந்தும் பிரயோசனம் இல்லை. உங்கள் ஓட்டத்துக்கு டீசலில் எரிகிற கூலன்ட் ஹீற்றர்தான் சரி. அதற்கு முன் சில விஷயம் விளங்கிக்கொள்ளுங்கள்.

பங்கில் இருப்பது காற்றைச் சூடாக்குகிற ஹீற்றர். 2 கிலோவாட் அளவில் டீசலை எரித்து கேபின் காற்றை மட்டும் சூடாக்கும், எஞ்சினுக்கு ஒரு சொட்டுச் சூடும் போகாது. கூலன்ட் ஹீற்றர் தனிச் சாமான். வெபாஸ்டோவின் தெர்மோ டொப், எஸ்பாரின் ஹைட்ரோனிக் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், இரண்டும் 5 கிலோவாட் அளவிலும் வருகின்றன, அதைவிடப் பெரிதாகவும் வருகின்றன. சின்னச் சின்னதாக டீசலை எடுத்து எரித்து, கூலன்டைச் சூடாக்கி, தன் சொந்தப் பம்பால் எஞ்சினுக்குள் சுற்றவிடும். எஞ்சின் தெர்மோஸ்டாட் குளிரில் மூடியே இருப்பதால் அந்தச் சூடு ரேடியேட்டருக்குப் போய் வீணாகாது. பிளாக்கிலும் ஹெட்டிலுமே நிற்கும்.

ஏன் கூலன்ட்? டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை. பிஸ்டன் காற்றை அமுக்குகிறபோது வருகிற சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். மைனஸ் 30-ல் உறைந்து கிடக்கிற சிலிண்டர் சுவர் அந்தச் சூட்டை அப்படியே உறிஞ்சிவிடும். ஓயிலும் தடித்துக் கிடப்பதால் ஸ்டார்ட்டர் மெல்லச் சுற்றும், மெல்லச் சுற்றினால் அமுக்கச் சூடு இன்னும் குறையும். சிலிண்டரைச் சுற்றி நிற்பது கூலன்ட். அதைச் சூடாக்கினால் சரியான இடத்துக்குச் சூடு போகும்.

இனி ஒரு கணக்கு. டிடி15 ஆயிரம் கிலோவுக்கு மேல் எடை, பெரும்பகுதி இரும்பு. அதோடு நாற்பது லீற்றருக்கு மேல் கூலன்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவையும் 1 பாகை ஏற்ற ஏறக்குறைய 600 கிலோஜூல் வேண்டும். 1500 வாட் பிளாக் ஹீற்றர் ஒரு மணி நேரத்தில் 5400 கிலோஜூல் தரும், அதாவது 9 பாகை. 5 கிலோவாட் கூலன்ட் ஹீற்றர் 18,000 தரும், 30 பாகை. காற்றுக்குப் போகிற இழப்பைக் கழித்தால் இரண்டுமே குறையும், காற்று வீசுகிற வெளியில் நன்றாகவே குறையும். அதனால்தான் பெரிய டீசல் எஞ்சினை மூன்று நான்கு மணி நேரம் பிளக்கில் விட வேண்டியிருக்கிறது. கூலன்ட் ஹீற்றர் என்றால் ஒன்றரை மணி நேரத்தில் தொட்டவுடன் பிடிக்கிற நிலைக்கு வந்துவிடும்.

இன்னொன்று, உங்கள் ட்ரக்கில் பிளாக் ஹீற்றர் ஏற்கனவே இருக்கக்கூடும். கனடாவில் விற்ற ட்ரக்குகளில் பெரும்பாலும் போட்டேதான் வரும். ஓட்டுநர் பக்கப் படியருகே, இல்லாவிட்டால் பம்பருக்குக் கீழே மூடி போட்ட மூன்று முள் பிளக் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மல்டிமீற்றரை ஓம்ஸில் வைத்து இரண்டு தட்டை முள்ளுக்கும் இடையே அளவுங்கள். 120 வோல்டில் 1500 வாட் எடுக்கிற ஹீற்றர் 9.6 ஓம்ஸ் காட்ட வேண்டும், 1000 வாட் என்றால் 14.4. ஒன்றும் காட்டாவிட்டால் எலிமென்ட் எரிந்திருக்கும் அல்லது கேபிள் அறுந்திருக்கும். முள்ளுக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே ஓம்ஸ் காட்டினால் கசிவு, அதை எக்காரணம் கொண்டும் பிளக்கில் போடக் கூடாது.

வேலை செய்தால் அதையும் வைத்திருங்கள். வின்னிபெக்கில் பிளக் உள்ள இடத்தில் நிற்கும்போது டீசல் செலவில்லாமல் காரியம் முடியும். 1500 வாட் என்றால் 12.5 ஆம்பியர், ஆகவே 15 ஆம்பியர் சேர்க்கிட்டில் அதோடு வேறொன்றும் போடாதீர்கள், 20 ஆம்பியர் சேர்க்கிட் கிடைத்தால் இன்னும் நல்லது. வயர் 12 கேஜ், குளிரில் விறைத்து வெடிக்காத ரகமாக வாங்குங்கள். டைமர் போடுவதென்றால் அந்த ஆம்பியரைத் தாங்கக்கூடிய வெளிப்புற டைமராக இருக்க வேண்டும், கிறிஸ்மஸ் விளக்குக்கு விற்கிற டைமர் உருகிவிடும்.

இந்தப் பிளக் பழக்கமே எங்கள் பக்கத்தில் பிறந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், நார்த் டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸில், ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்ற மின் பொறியாளர் 1940களில் ஹெட் போல்ட் ஒன்றைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் பூட்டுகிற ஹீற்றரைச் செய்து 1949-ல் காப்புரிமை எடுத்தார். இன்றைக்கும் எங்கள் ஊரில் காரின் மூக்கில் வயர் தொங்காவிட்டால்தான் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

பூட்டுகிற வேலையை ஃபோர்ட் மெக்மரியில் இருக்கிற எண்ணெய்மணல் அண்ணர் என்னைவிட விரிவாகச் சொல்லுவார், அவர் வந்தால் நல்லது.

எண்ணெய்மணல்_டிரைவர் எழுதியது:

வந்துட்டேன். இங்கே சர்வீஸ் ட்ரக்குகளில் இந்த ஹீட்டரை மாட்டுவதும் கழற்றுவதும் என் வேலையிலேயே ஒரு பகுதி, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்களே மாட்டலாம். ஆனால் கூலன்ட், டீசல், புகை, கரன்ட் என்று நாலு லைன் இருக்கிறது. நாலில் எது சொதப்பினாலும் ஹீட்டர் எரியாது. புகை லைன் சொதப்பினால் உயிருக்கே ஆபத்து. கம்பெனி தரும் மாட்டும் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள். நான் சொல்வது அதற்கு மேலதிகமாகத்தான்.

கூலன்ட் லைன்தான் உங்கள் முதல் கேள்வி. எஞ்சின் பிளாக்கிலிருந்து கேபின் ஹீட்டர் கோருக்கு (கேபின் காற்றைச் சூடாக்கும் குட்டி ரேடியேட்டர்) சூடு கொண்டு போகும் ஹோஸைக் கண்டுபிடியுங்கள். எஞ்சின் ஓடும்போது இரண்டு ஹோஸையும் தொட்டுப் பார்த்தால் அதிகம் சுடுவது போகிற லைன், கொஞ்சம் குறைவாகச் சுடுவது திரும்புகிற லைன். போகிற லைனில் வெட்டி, எஞ்சின், பிறகு ஹீட்டரின் பம்ப், பிறகு ஹீட்டர், பிறகு கேபின் கோர், பிறகு திரும்ப எஞ்சின் என்று வரிசையாகச் சேர்ப்பது ஒரு முறை. இதில் கேபினும் சூடாகும், எஞ்சினும் சூடாகும். ஓட்டம் எஞ்சினின் வாட்டர் பம்ப் தள்ளும் அதே திசையில் இருக்க வேண்டும், எதிர்த் திசையில் மாட்டினால் இரண்டு பம்பும் ஒன்றையொன்று தடுத்து, ஹீட்டர் ஓவர்ஹீட் என்று நின்றுவிடும்.

இந்த முறையில் ஒரு சிக்கல் உண்டு. சில கேபின்களில் சூட்டைக் குறைத்தால் கோருக்குப் போகும் தண்ணீரையே ஒரு வால்வ் அடைத்துவிடும். அப்படிப்பட்ட வண்டியில் அந்த வால்வ் மூடியிருந்தால் ஹீட்டரின் ஓட்டமும் நின்று போகும். ஒன்று, ராத்திரி நிறுத்தும்போது கேபின் சூட்டை முழுசாகத் திறந்து வைக்கப் பழக வேண்டும், இல்லையென்றால் பைபாஸ் போட வேண்டும். உங்களுக்கு பங்க் ஹீட்டர் தனியாக இருப்பதால் நான் என்ன செய்வேன் என்றால், கேபின் கோரைத் தொடாமல் எஞ்சினுக்கு மட்டும் தனிச் சுற்று போடுவேன். பிளாக்கின் கீழ்ப் பக்கமுள்ள ஒரு போர்ட்டிலிருந்து (கூலன்ட் துளை) எடுத்து, தூரமாக இன்னொரு முனையில் திரும்ப விட வேண்டும். எடுக்கும் இடமும் விடும் இடமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சூடான தண்ணீர் அந்தக் குட்டி வட்டத்திலேயே சுற்றும், மறுமுனை சிலிண்டர் உறைந்தே கிடக்கும். எந்த போர்ட் என்பதை உங்கள் எஞ்சின் சீரியல் நம்பரை டீலரின் பார்ட்ஸ் கவுன்டரில் கொடுத்துக் கேளுங்கள், ஊகித்து எந்தத் துளையின் மூடியையும் கழற்ற வேண்டாம்.

ஹீட்டரையும் பம்பையும், கூலன்ட் ஊற்றும் எக்ஸ்பான்ஷன் டேங்க் மட்டத்துக்குக் கீழே வையுங்கள். பம்ப் ஹீட்டருக்கு முன்னால் வர வேண்டும். ஹோஸ் எங்கேயும் மேலே வளைந்து இறங்கக் கூடாது, அந்த வளைவில் காற்று தங்கும். இந்த ஹீட்டர்களில் வரும் தொல்லையில் பெரும்பகுதி காற்றால்தான். நான் பார்த்ததில் புதிதாக மாட்டிய ஹீட்டர் ரெண்டு நிமிஷம் ஓடி நின்றால் காரணம் அநேகமாக லைனுக்குள் சிக்கிய காற்று. மாட்டி முடித்ததும் ஹீட்டரைத் தொடாமல் எஞ்சினை ஓட்டி, கேபின் சூட்டை முழுசாகத் திறந்து, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை விட்டு, ஆறின பிறகு மூடியைத் திறந்து கூலன்ட் ஊற்றி, அதற்குப் பிறகுதான் ஹீட்டரைப் போட வேண்டும். சூடாக இருக்கும்போது அந்த மூடியில் கை வைக்காதீர்கள்.

டீசல் லைன்: எஞ்சினுக்குப் போகும் லைனிலோ ரிட்டர்ன் லைனிலோ டீ ஜாயின்ட் (மூன்று முனை இணைப்பு) போட்டு எடுக்க வேண்டாம். டேங்கில் தனியாக ஒரு உறிஞ்சு குழாய் இறக்குங்கள், அடியிலிருந்து ரெண்டு அங்குலமாவது மேலே நிற்கட்டும். அடியில் தங்கும் தண்ணீரும் அழுக்கும் வராது, ஹீட்டர் ராத்திரியெல்லாம் ஓடினாலும் டேங்கைக் காலி செய்துவிடாது. லைன் கிட்டோடு வரும் 2 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள நைலான் குழாய்தான். பெரிய ரப்பர் ஹோஸ் போட்டால் குமிழி சேர்ந்து தீ அணையும். டக் டக் என்று சத்தம் போடும் அந்த டீசல் பம்பை டேங்க் பக்கத்தில், வெளியேறும் முனை மேல் நோக்கிச் சாய்ந்திருக்கும்படி ரப்பர் பிடியில் மாட்டுங்கள். படுக்கையாக மாட்டினால் குமிழி உள்ளேயே நிற்கும், அளவு தவறும்.

புகைக்குழாய் விஷயத்தில் சமரசமே வேண்டாம். ஸ்லீப்பருக்குக் கீழே முடியக் கூடாது, கேபினுக்குக் காற்று எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலும் கூடாது. வண்டியின் பக்கவாட்டில், கீழ் நோக்கி, பனிக் குவியலுக்குள் புதையாத உயரத்தில் முடிய வேண்டும். நின்ற இடத்தில் ராத்திரி பனி கொட்டினால் குழாய் வாயைச் சுற்றித் தள்ளிவிட்டுத்தான் படுக்க வேண்டும். ஏர் பிரேக் நைலான் லைன்களும் வயர் கட்டும் அந்த ஃப்ரேம் வழியாகத்தான் ஓடுகின்றன, புகைக்குழாய் அவற்றைத் தொட்டால் உருக்கிவிடும், அதனால் சுற்றிக் காப்பு போடுங்கள். குழாயின் தாழ்ந்த இடத்தில் ஒரு சின்ன ஓட்டை வேண்டும், இல்லையென்றால் உள்ளே தேங்கும் ஈரம் உறைந்து அடைத்துக்கொள்ளும். எரிய எடுக்கும் காற்றுக் குழாய் புகை வாயிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். பங்கில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வையுங்கள், உங்களிடம் ஏற்கனவே ஒரு டீசல் ஹீட்டர் ஓடுகிறது, இன்று வரை அலாரம் இல்லையென்றால் நாளைக்கே வாங்குங்கள்.

கரன்ட்: பேட்டரியிலிருந்து நேராக, கிட்டில் சொன்ன ஃபியூஸோடு எடுங்கள். மெயின் டிஸ்கனெக்ட் சுவிட்சுக்குப் பின்னால் எடுக்காதீர்கள். ஹீட்டரை ஆஃப் செய்தாலும் அது சில நிமிஷம் ஃபேனையும் பம்பையும் ஓட்டித் தன்னைக் குளிர்வித்துக்கொண்டுதான் நிற்கும். நடுவில் கரன்டை வெட்டினால் உள்ளே சூடு அடங்காமல் பர்னரும் கன்ட்ரோல் போர்டும் கெடும்.

ஹைவே11_ஓட்டம் எழுதியது:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விளக்கமாக எந்தக் கராஜிலும் சொல்லவில்லை. இன்றைக்குப் போய்ப் பார்த்தேன், பிளாக் ஹீற்றர் பிளக் படிக்குக் கீழே சேறு மூடிக் கிடந்தது, துடைத்து அளந்தால் 9.8 ஓம்ஸ் காட்டுகிறது, எஞ்சின் உடலோடு ஒன்றும் காட்டவில்லை. அதனால் அது நல்லாகத்தான் இருக்கிறது.

இன்னும் இரண்டு கேள்வி. இணையத்தில் 5 கிலோவாட், 8 கிலோவாட் என்று பெயர் இல்லாத கூலன்ட் ஹீற்றர் கிட் சில நூறு டொலருக்கு விற்கிறார்கள். பெயருள்ள கிட் ஆயிரத்துக்கு மேலே போகிறது. அந்த மலிவுக் கிட் போட்டால் என்ன? மற்றது, இதைப் பூட்டிவிட்டால் மைனஸ் 40-க்கும் பயமில்லாமல் எஞ்சினை அணைத்துவிட்டுப் படுக்கலாமா?

பனிவீதி_யெல்லோநைஃப் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதுதான் முக்கியம். கூலன்ட் ஹீற்றர் எஞ்சினைச் சூடாக்கும். டீசலைச் சூடாக்காது, பற்றரியைச் சூடாக்காது. டைமண்ட் சுரங்கங்களுக்குப் போகிற பனி வீதியில் ஓடுகிறவர்கள் இந்த இரண்டையும்தான் முதலில் கவனிப்பார்கள்.

நீங்கள் பிரம்டனில் டாங்கை நிரப்பிக்கொண்டு வடக்கே ஏறுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தெற்கு ஒன்ராறியோவின் பம்பில் வருகிற டீசல் அந்த ஊர்க் குளிருக்குக் கலந்தது. ஹேர்ஸ்டில் மைனஸ் 36 என்றால் அதில் மெழுகு திரளத் தொடங்கும், ஃபில்டர் அடைபடும். உங்கள் கூலன்ட் ஹீற்றரும் அதே டாங்கிலிருந்துதான் குடிக்கிறது, அந்த 2 மில்லிமீற்றர் குழாயில் மெழுகு நின்றால் எஞ்சினைக் காப்பாற்றப் பூட்டிய ஹீற்றரே பற்றாது. ஆகவே தெற்கில் தேவையான அளவு மட்டும் அடித்துக்கொண்டு, கொக்ரன் அல்லது கப்பஸ்கேசிங்கில் அந்த ஊருக்கென்று கலந்த குளிர்கால டீசலால் நிரப்புங்கள். ஹேர்ஸ்டுக்கும் லாங்லாக்குக்கும் இடையே 200 கிலோமீற்றருக்கு மேல், நடுவில் உதவி கிடைக்கிற இடம் மிகக் குறைவு, அந்தத் துண்டுக்கு முன்னம் டாங்கில் வடக்கு டீசல் இருக்க வேண்டும். மெழுகைத் தடுக்கிற மருந்து ஊற்றுவதென்றால் டீசல் இன்னும் கலங்காமல் இருக்கும்போது ஊற்றுங்கள், திரண்ட பிறகு ஊற்றினால் கரையாது. அதற்கு வேறு மருந்து.

பற்றரி விஷயம். உறையில் போட்டிருக்கிற சிசிஏ எண், அதாவது குளிரில் ஸ்டார்ட்டரைச் சுற்றத் தருகிற ஆம்பியர், மைனஸ் 18-ல் அளந்தது. அதற்குக் கீழே போகப் போக இன்னும் குறையும், பழைய பற்றரி என்றால் சொல்லவே வேண்டாம். ஐப்பசியிலேயே எல்லாப் பற்றரியையும் கழற்றித் தனித்தனியாக லோட் டெஸ்ட் செய்யுங்கள். ஒன்று செத்திருந்தால் மற்றவற்றையும் இழுத்துவிடும், மாற்றுவதென்றால் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். ஹீற்றர் ஓடும்போது பம்போடு சேர்த்து 4 ஆம்பியர் அளவுதான் எடுக்கும், ஆனால் பற்ற வைக்கிற முதல் சில நிமிஷம் குளோ பின் (சூடாகி டீசலைப் பற்றவைக்கிற முள்) அதைவிட இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். பற்றரி ஏற்கனவே தளர்ந்திருந்தால் அந்த நேரத்தில்தான் வோல்டேஜ் கீழே போய் ஹீற்றர் தானே நின்றுவிடும். இதோடு பங்க் ஹீற்றர், ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் எல்லாம் இரவிரவாக ஓடினால் காலையில் ஸ்டார்ட்டருக்கு மிச்சம் இருக்காது. அதனால் இரவு முழுவதும் விடாமல், 7 நாள் டைமரில் எழும்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு தொடங்க வையுங்கள். மைனஸ் 35-க்குக் கீழே போனால் நடுச்சாமத்தில் ஒரு மணி நேரம் இன்னொரு தரம் ஓட விடுங்கள், எஞ்சின் முழுக்க உறைந்து போகாமல் இருக்கும்.

ஓயில் 15டபிள்யூ-40 ஊற்றியிருந்தால் குளிர்காலத்துக்கு 5டபிள்யூ-40 சிந்தெற்றிக்குக்கு மாறுங்கள், டிட்ராய்ட் அனுமதிக்கிற தரம் பார்த்து வாங்குங்கள். கூலன்ட் கலவையை ரிஃப்ராக்டோமீற்றரில் பாருங்கள். பாதி எத்திலீன் கிளைகோல், பாதி தண்ணீர் என்றால் மைனஸ் 37 வரை தாங்கும், உங்களுக்கு அது விளிம்பு. கிளைகோல் 60க்குத் தண்ணீர் 40 என்றால் மைனஸ் 52 வரை தாங்கும். அதற்காகத் தனிக் கிளைகோலாக ஊற்றாதீர்கள், ஒரு அளவுக்கு மேல் போனால் திரும்பவும் சீக்கிரம் உறையத் தொடங்கும், சூட்டையும் சரியாகக் கடத்தாது. புதிதாகப் போடுகிற ஹோஸ், ஹீற்றர் எல்லாம் சேர்ந்து ஓரிரு லீற்றர் கூடுதலாகக் கேட்கும், ஏற்கனவே உள்ளே இருக்கிற அதே ரகக் கூலன்டாலேயே நிரப்புங்கள்.

புகையைச் சுத்தமாக்கத் தனி டாங்கில் ஊற்றுகிற டெஃப் திரவம் மைனஸ் 11-ல் உறையும், அதற்குப் பயப்பட வேண்டாம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ட்ரக்கே கூலன்டைத் திருப்பிவிட்டு அதை உருக்கும். உறையும்போது விரியும் என்பதால் டெஃப் டாங்கை வாய் வரை நிரப்பாதீர்கள், அவ்வளவுதான்.

மலிவுக் கிட்: எரிகிற விதம் ஒன்றுதான், சிலது நன்றாகவும் ஓடுகின்றன, பொய் சொல்ல மாட்டேன். உறையில் 8 கிலோவாட் என்று போட்டிருந்தாலும் டீசல் செலவைப் பார்த்தால் அவ்வளவு தருவதாகத் தெரியாது. 5 கிலோவாட் தர ஒரு மணி நேரத்துக்கு 0.6 லீற்றர் அளவு எரிய வேண்டும், 8 என்றால் ஒரு லீற்றர் போக வேண்டும், இந்தக் கணக்கை யாரும் ஏமாற்ற முடியாது. என் கவலை வேறு. ஹைவே 11-ல் மைனஸ் 36-ல் அது நின்றால் உதிரி எங்கே வாங்குவீர்கள்? வெபாஸ்டோ, எஸ்பார் என்றால் தண்டர் பேயிலோ வின்னிபெக்கிலோ குளோ பின் எடுக்கலாம், பிழைக் குறியீட்டைச் சொன்னாலே கராஜ்காரருக்கு விளங்கும். வீட்டு முற்றத்தில் நிற்கிற பிக்கப்புக்கு மலிவுக் கிட் போட்டுப் பாருங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத வீதியில் தனியாகப் படுக்கிற ட்ரக்குக்கு என் தம்பி கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்லுவேன்.

வின்னிபெக்_கராஜ் எழுதியது:

மேலே சொன்னது முழுக்கச் சரி. செலவுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள் தம்பி. இந்த அளவு எஞ்சின் ஐடிலில் ஒரு மணி நேரத்துக்கு 3 லீற்றர் அளவு குடிக்கும், பத்து மணி நேரத்துக்கு 30 லீற்றர். கூலன்ட் ஹீற்றரை ஒன்றரை மணி நேரம் ஓட விட்டால் ஒரு லீற்றருக்குள், பங்க் ஹீற்றர் இரவு முழுக்க ஓடினாலும் இன்னும் இரண்டு லீற்றர் அளவில் முடியும். நல்ல கிட்டின் விலை எவ்வளவு சீக்கிரம் திரும்பும் என்று நீங்களே பார்க்கலாம். ஐடில் நேரம் குறைந்தால் டிபிஎஃபில் கரி சேர்வதும் குறையும், அதுவும் காசுதான்.

இரண்டு பழக்கம் மட்டும். டீசல் அடிக்கிற இடத்துக்குள் நுழைய முன்னம் இரண்டு ஹீற்றரையும் அணைத்துவிடுங்கள், உள்ளே எரிவது நிஜ நெருப்பு. டைமர் போட்டிருந்தால் பம்பில் நிற்கிற நேரத்தில் தானாகத் தொடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றது, கோடையிலும் மாதம் ஒரு தரம் இருபது நிமிஷம் ஓட விடுங்கள். சும்மா கிடந்தால் டீசல் பம்பும் பர்னரும் பிசின் பிடித்துவிடும், பிறகு முதல் குளிரில்தான் அது தெரியவரும். போட்டால் இருபது நிமிஷமாவது ஓட விடுங்கள், ஐந்து நிமிஷம் போட்டு அணைக்கிற பழக்கம் உள்ளே கரி கட்டும்.

ஹைவே11_ஓட்டம் எழுதியது:

அண்ணைமார், முடிவு செய்துவிட்டேன். 5 கிலோவாட் பெயருள்ள கிட், எஞ்சினுக்கு மட்டும் தனிச் சுற்று, 7 நாள் டைமர். கூலன்ட், கரன்ட் லைன் நான் இழுக்கிறேன், புகைக்குழாயையும் டாங்கில் துளை போடுவதையும் இந்த ஹீற்றர் பூட்டிப் பழகிய கராஜில் கொடுக்கிறேன். அலாரம் இன்றைக்கே வாங்கிவிட்டேன். கடைசியாக ஒன்று, ஹோஸுக்கு எந்த கிளாம்ப் போடுவது? கையில் சாதாரண ஸ்க்ரூ கிளாம்ப் ஒரு பெட்டி இருக்கிறது.

எண்ணெய்மணல்_டிரைவர் எழுதியது:

அந்தப் பெட்டியை இதற்கு எடுக்க வேண்டாம் அண்ணா. கடுங்குளிரில் ரப்பர் சுருங்கும், சாதாரண கிளாம்ப் கூடவே சுருங்காது, காலையில் சொட்டும், சூடானதும் நின்றுவிடும், எங்கே கசிகிறது என்று தேடியே பொழுது போகும். ஸ்ப்ரிங் வாஷர் அடுக்கிய கான்ஸ்டன்ட் டார்க் கிளாம்ப் என்று கனரக ட்ரக் கடையில் கேளுங்கள், ஹோஸ் சுருங்கினாலும் அது கூடவே இறுக்கும். சிலிகோன் ஹோஸ் போடுவதென்றால் உள்பக்கம் வழவழப்பான பட்டி உள்ள கிளாம்ப் வேண்டும், இல்லையென்றால் ஸ்க்ரூவின் பல் ஹோஸை அறுக்கும். மாட்டி முதல் வாரம் ஓடின பிறகு, எஞ்சின் நன்றாக ஆறிக் கிடக்கும்போது எல்லா ஜாயின்ட்டையும் டார்ச் அடித்து ஒரு தடவை பாருங்கள். எக்ஸ்பான்ஷன் டேங்க் மட்டம் இறங்கியிருந்தால் அது பெரும்பாலும் வெளியே வந்த காற்றின் இடம், ஊற்றி நிரப்புங்கள். ரெண்டாம் தடவையும் இறங்கினால் கசிவு, அதைக் கண்டுபிடிக்காமல் வடக்கே ஏறாதீர்கள்.